கொடுத்த வாக்கும் கப்பலில் வரும் துவரையும்



உத்திரமேரூர் பக்கத்திலிருந்து மாதம் இருமுறை வந்து சரக்கு எடுத்துச் செல்லும் கடைக்காரர் ஒருவர், அண்மையில் எங்கள் கடையில் துவரம்பருப்பு மாதிரியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது நாட்டுத் துவரையா, ஆப்பிரிக்கத் துவரையா?" என்று கேட்டார். மொசாம்பிக் சரக்கை உடைத்த பருப்பு என்று சொன்னோம். "அந்த ஊர்லயும் சாம்பார் வைக்கிறாங்களா?" என்றார். கடையில் இருந்த அனைவரும் சிரித்துவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் அது சிரித்துத் தள்ள வேண்டிய கேள்வி அல்ல. மொசாம்பிக் மக்கள் துவரையை அதிகம் உண்பதில்லை. அங்கே விளையும் துவரையில் பெரும்பகுதி நமக்காகவே விளைகிறது. நாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவு சரக்கையும் வாங்கிக்கொள்ள வேறு பெரிய நாடு கிடையாது. அதே சமயம், மழை பொய்த்த ஆண்டில் அவர்கள் இல்லை என்று சொன்னால் நம் வீட்டுச் சாம்பார் தண்ணீராகிவிடும். நடுவே இந்து மகா சமுத்திரம் கிடக்க, இரண்டு நாடுகள் ஒன்றை ஒன்று இப்படி நம்பியிருக்கின்றன.

வெளிநாட்டு உறவு என்றால் அது டில்லியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், மளிகைக் கடைக்காரனுக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நமக்குத்தான் அதில் அதிக வேலை இருக்கிறது என்பது எங்கள் தாழ்மையான கருத்து. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நமது ஊருக்குப் புதிதல்ல

தூர தேசத்தோடு உறவு வைப்பது காஞ்சிக்குப் புதிதல்ல. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் கி.பி. 720-ல் சீன தேசத்துக்குத் தூது அனுப்பியதைச் சீனர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டில் யுவான் சுவாங் என்ற சீன யாத்திரிகர் இந்த ஊருக்கு வந்து போனார். இன்றும் நம் ஊர்ப் பட்டுக்கு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. வெளியூர்ச் சரக்கை நம்பித் தொழில் செய்து பெயர் வாங்கிய ஊர் இது. வெளியூர்க்காரரிடம் வாங்குவது கேவலம் என்ற எண்ணம் காஞ்சிபுரத்துக்காரருக்கு வராது. எப்படி வாங்குகிறோம், எப்படிப் பழகுகிறோம் என்பதுதான் கேள்வி.

மொசாம்பிக் நாட்டோடும் நம் நாட்டுக்குப் பழைய பழக்கம் உண்டு. நூற்றாண்டுகளுக்கு முன்பே குஜராத் பக்கத்து டையூவிலிருந்து வியாபாரிகள் பருத்தித் துணியை ஏற்றிக்கொண்டு போய் அங்கே விற்று, யானைத் தந்தத்தோடு திரும்பினார்கள். போர்ச்சுகீசியர் ஆட்சியிலிருந்து அந்நாடு 1975-ல் விடுதலை பெற்றது. துவரையும் நம் மண்ணில் பிறந்த பயிர்தான். இங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே வேர் விட்டு, இப்போது கப்பலேறித் தாய்வீட்டுக்கு வருகிறது.

பருவம் ஒத்துப் போகிறது

இந்த இரண்டு நாடுகளையும் சேர்த்து வைப்பது பருவம். நம் நாட்டில் துவரையை ஆடி மழையில் விதைத்து, மார்கழி, தை தொடங்கி அறுவடை செய்கிறார்கள். குல்பர்கா, லாத்தூர், அகோலா சந்தைகளுக்குப் புதுச் சரக்கு வருவது அப்போதுதான். புரட்டாசி வரும்போது பழைய இருப்பு கரைந்துவிடும். நம் பக்கத்தில் புரட்டாசி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அசைவம் சாப்பிடும் வீடுகளும் பருப்பு, காய்கறிக்கு மாறுகின்றன. அடுத்த மாதம் தீபாவளி. தேவை ஏறும் நேரத்தில் நம் நாட்டுத் துவரை இன்னும் வயலில் நிற்கிறது.

மொசாம்பிக்கில் நவம்பர், டிசம்பரில் விதைக்கிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் அறுக்கிறார்கள். அந்தச் சரக்கு நாகாலா, பெய்ரா துறைமுகங்களில் கப்பலேறி, சரியாக நமக்குத் தட்டுப்பாடு வரும் மாதங்களில் வந்து இறங்குகிறது. இரண்டு நாட்டு விவசாயியும் ஒருவருக்கு ஒருவர் போட்டி இல்லாமல் முறை வைத்து விளைவிப்பது போல இயற்கை அமைத்துக் கொடுத்திருக்கிறது.

2019-ல் அத்திவரதர் தரிசனம் 48 நாட்கள் நடந்தது நினைவிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் அவை. வந்து குவிந்த பக்தர்களுக்கு ஓட்டல்களிலும் அன்னதானக் கூடங்களிலும் கொதித்த சாம்பாருக்குப் பருப்பு போட்டது நம்மைப் போன்ற கடைகள்தான். இருப்பு இருந்ததால் போட முடிந்தது. அப்படிப்பட்ட கூட்டம் 2015 போன்ற ஓர் ஆண்டில் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

ஏறிய விலையும் இறங்கிய விலையும்

2015-ல் என்ன நடந்தது? இரண்டு ஆண்டு தொடர்ந்து மழை குறைந்தது. 2015-16-ல் நாட்டில் துவரை விளைச்சல் சுமார் 25 லட்சம் டன்தான். அக்டோபர் மாதத்தில் சில்லறையில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. இருப்பு வரம்பு போட்டார்கள். பல மாநிலங்களில் குடோன்களில் சோதனை நடந்தது. வியாபாரி என்றாலே பதுக்கல்காரன் என்று பத்திரிகைகளில் படம் போட்டார்கள்.

இதை எழுதும்போது எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறோம். அந்த அக்டோபரில் எங்கள் குடோனில் 60 மூட்டைப் பருப்பு பத்து நாள் வெளியே போகாமல் நின்றது. வரம்புக்கு உட்பட்ட இருப்புதான், சட்டப்படி தவறில்லை. ஆனால் நாளைக்கு இன்னும் ஏறும் என்ற ஆசையில்தான் நிறுத்தினோம் என்பது எங்களுக்குத் தெரியும். கேட்டு வந்த சில்லறைக் கடைக்காரர்களிடம் சரக்கு இல்லை என்று சொன்னோம். இன்றைக்கும் அது மனதில் முள்ளாக இருக்கிறது.

அந்தப் பாவத்துக்குத் தண்டனையும் வந்தது. 2016 ஆவணியில், விலை இன்னும் நிற்கும் என்று நம்பி, கடன் வாங்கி லோடு இறக்கினோம். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தது. விலை ஆசையில் விவசாயிகள் எல்லோரும் துவரை போட்டார்கள். 2016-17-ல் விளைச்சல் சுமார் 48 லட்சம் டன்னுக்குத் தாவியது. தை மாதத்தில் மார்க்கெட் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிட்டது. விவசாயிக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். பல சந்தைகளில் அதுவும் கிடைக்கவில்லை. எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை அடைக்க மூன்று வருஷம் ஆயிற்று. எங்களிடம் சரக்கு எடுத்த இரண்டு சிறு கடைக்காரர்களால் தாங்க முடியவில்லை. ஒருவர் கடையை மூடிவிட்டு ஒரகடம் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

பதுக்கியவனும் கெட்டான், பதுக்காத சிறு கடைக்காரனும் கெட்டான். விலை இப்படி ஏறி இறங்கினால் வியாபாரிக்கு லாபம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எப்போதாவது ஒருவருக்கு லாபம் வரலாம். நிதானமான விலையில், நிதானமான சரக்கு ஓட்டத்தில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

எழுதிய ஒப்பந்தம்

இந்தத் தட்டுப்பாட்டின் நடுவில்தான் 2016 ஜூலையில் பிரதமர் மொசாம்பிக் தலைநகர் மாப்புட்டோவுக்குப் போனபோது பருப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 1 லட்சம் டன்னாக இருக்கும் வரத்தை 2020-21-க்குள் 2 லட்சம் டன்னாக உயர்த்துவது என்பது அதன் நோக்கம். துவரை முக்கியம், மற்றப் பருப்பு வகைகளும் உண்டு. 2021-ல் அதை மேலும் ஐந்து ஆண்டுக்கு, 2025-26 வரை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று நீட்டித்தார்கள். அதே 2021-ல் மலாவி நாட்டோடு ஆண்டுக்கு 50,000 டன் துவரைக்கும், மியான்மரோடு 1 லட்சம் டன் துவரைக்கும் 2.5 லட்சம் டன் உளுந்துக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கும் காஞ்சிபுரம் இட்லிக்கு அரைக்கும் உளுந்திலும் பர்மா சரக்கு உண்டு என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இந்த ஒப்பந்தத்தின் அருமை 2017-ல் தெரிந்தது. உள்நாட்டில் விலை விழுந்ததும் அந்த ஆகஸ்டில் மத்திய அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு போட்டது. நம் விவசாயியைக் காக்கச் செய்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்போதுதான் அறுவடை. முந்தைய ஆண்டு நம் விலையைக் கேள்விப்பட்டு அங்கேயும் கூடுதலாக விதைத்திருந்தார்கள். மொசாம்பிக்குக்கு எழுதிய ஒப்பந்தம் இருந்ததால் வாசல் முழுவதும் அடைபடவில்லை. ஆனாலும் அங்கே விலை அடிமட்டத்துக்குப் போயிற்று. ஒப்பந்தம் இல்லாத தான்சானியா விவசாயிகளின் பாடு அதைவிட மோசம்.

அந்த விவசாயி யார் என்று நினைக்கிறீர்கள்? பெரிய பண்ணை முதலாளி அல்ல. ஓரிரண்டு ஏக்கரில் மக்காச்சோளத்தோடு ஊடுபயிராகத் துவரை போடும் குடும்பம். மக்காச்சோளம் சாப்பாட்டுக்கு, துவரை கைச்செலவுக்கு. நம் ஊரில் ஒரு வீட்டுக்காரர் தறி ஓட்ட, வீட்டம்மா இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுவது போல. அந்தக் குடும்பத்துக்கு நம் நாட்டு அறிவிப்பு முன்கூட்டித் தெரிய வழியில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் துவரையை விட்டு எள்ளுக்கோ வேறு பயிருக்கோ போனால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நமக்கு மறுபடி தட்டுப்பாடு வரும்போது, "விதையுங்கள், வாங்கிக்கொள்கிறோம்" என்று எந்த முகத்தோடு கேட்பது?

வியாபாரத்தில் இதை நாம் நன்றாக அறிவோம். ஒரு சில்லறைக் கடைக்காரர் சரக்கு மலிவாக இருக்கும்போது வேறு கடையில் எடுத்துவிட்டு, தட்டுப்பாடு வந்தால் மட்டும் நம்மிடம் வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? அதே போல, அவரிடம் பணம் இருந்தபோது சரக்குப் போட்டுவிட்டு, நோய்நொடியில் பாக்கி விழுந்ததும் சரக்கை நிறுத்தினால் அவர் நம்மைப் பற்றி என்ன சொல்வார்? பற்று வரவு நோட்டு தொடர்ந்து ஓடுவதற்குப் பெயர்தான் உறவு. நாட்டுக்கும் அதுவேதான்.

இரண்டு பக்கமும் வேண்டும்

வாங்குவதில் மட்டும் அல்ல, விற்பதிலும் இதே குறை இருக்கிறது. 2023 ஜூலையில் நம் அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. 2024 செப்டம்பரில்தான் அந்தத் தடை நீங்கியது. ஆப்பிரிக்க நாடுகள் பலவும் நம் அரிசியை நம்பி உலை வைப்பவை. நமக்குப் பருப்பு வேண்டும்போது அவர்கள் வாசல் திறந்திருக்க வேண்டும், அவர்களுக்கு அரிசி வேண்டும்போது நம் வாசல் ஓர் இரவில் மூடலாம் என்றால் அது எந்த ஊர் நியாயம்? உள்நாட்டில் விலை ஏறாமல் பார்ப்பது அரசின் கடமை. அதற்காக வெளியே கொடுத்த வாக்கை எடுத்த எடுப்பில் முறித்துவிடக் கூடாது. வாடிக்கையாளருக்கு இவ்வளவு என்று ஓர் அளவாவது ஒதுக்கி வைக்க வேண்டும்.

நல்ல காரியமும் நடந்திருக்கிறது. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரைச் சின்னாபின்னமாக்கியபோது, நம் கடற்படைக் கப்பல்களான சுஜாதா, சார்துல் ஆகியவையும் கடலோரக் காவல்படையின் சாரதியும் உடனே அங்கே போய் நின்றன. வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டன. உணவும் மருந்தும் கொடுத்தன. எந்தப் பெய்ரா துறைமுகத்திலிருந்து நமக்குத் துவரை வருகிறதோ அதே துறைமுகம். தூதரக உறவு என்பது இதுதான். கஷ்டத்தில் போய் நின்றவரை யாரும் மறப்பதில்லை.

ஒப்பந்தம் எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2023 கடைசியில் அங்குள்ள ஏற்றுமதியாளர்களுக்குள் எழுந்த வழக்கு காரணமாக நாகாலா துறைமுகத்தில் நமக்கு வர வேண்டிய துவரை தேங்கி நின்றது. இறக்குமதி வியாபாரிகள் தலையிடும்படி நம் அரசிடம் முறையிட வேண்டியதாயிற்று. அதன் சூடு இங்கே நம் கல்லாப்பெட்டி வரை வந்தது. தூதரகத்தில் அரசியல் பேசும் அதிகாரி இருந்தால் போதாது, துறைமுகத்தில் மூட்டை ஏன் நிற்கிறது என்று போய்ப் பார்க்கும் அதிகாரியும் வேண்டும்.

நாமே விளைத்துக்கொள்ளக் கூடாதா?

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. வெளிநாட்டை ஏன் நம்ப வேண்டும், நாமே விளைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். 2027-க்குள் பருப்பில் தன்னிறைவு என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. 2025-ல் அதற்கென்று 11,440 கோடி ரூபாயில் தனித் திட்டமும் தொடங்கியது. அது வெற்றி பெற வேண்டும் என்றே நாமும் வேண்டுகிறோம். நம் விவசாயி நன்றாக இருந்தால்தான் நம் கடைக்கு வாடிக்கை.

ஆனால் துவரை மானாவாரிப் பயிர். வானத்தைப் பார்த்து விளைகிறது. நாட்டின் தேவை ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் டன். 2022-23-லும் 2023-24-லும் விளைச்சல் 35 லட்சத்தைத் தொடவில்லை. திட்டம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் நாலு வருஷத்தில் ஒரு வருஷம் மழை கைவிடத்தான் செய்யும். அந்த ஒரு வருஷத்துக்காக மற்ற மூன்று வருஷமும் பழக்கம் விடாமல் கொஞ்சமாவது வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு லட்சம் டன் என்பது நம் தேவையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அறுவடைக்கு முன்பாகவே வந்து தீர்ந்துவிடும் அந்தச் சரக்கால் நம் விவசாயி கெட்டுப் போக மாட்டார். அளவில்லாமல், நேரம் பார்க்காமல் இறக்குமதி செய்தால்தான் கெட்டுப் போவார். எழுதி வைத்த அளவு இரண்டு பக்கத்து விவசாயிக்கும் வேலி.

சங்கம் செய்ய வேண்டியது

எனவே நம் சங்கத்தின் மூலம் மத்திய, மாநில அரசுகளுக்குச் சில கோரிக்கைகளை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகளோடு செய்யும் பருப்பு ஒப்பந்தம் பத்தாண்டுக்காவது இருக்க வேண்டும். முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிப்பா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். அங்கே விதைப்பதற்கு முன் விவசாயிக்குத் தெரிந்தால்தான் வாக்குக்கு மதிப்பு.

இரண்டாவது, துவரையை வரியின்றி இறக்கும் அனுமதியை ஓராண்டு, ஓராண்டாக நீட்டிக்கும் வழக்கம் மாற வேண்டும். 2025 ஜனவரியில் அறிவித்து 2026 மார்ச் 31 வரை என்றார்கள். இப்படித் துண்டு துண்டாகச் சொன்னால் பெரிய இறக்குமதியாளர் சமாளிப்பார். கடைசியில் லோடு இறக்கியவர் அகப்பட்டுக்கொள்வார்.

மூன்றாவது, இருப்பு வரம்பு. 2023 ஜூனில் மொத்த வியாபாரிக்கு 200 டன் என்றார்கள். செப்டம்பரில் 50 டன் என்றார்கள். நவம்பரில் மறுபடியும் 200 டன். ஆறு மாதத்துக்குள் மூன்று சட்டம். வெளிநாட்டு வரத்து ஒப்பந்தப்படி ஒழுங்காக வந்தால் இந்த வரம்புக்கே அதிகம் வேலை இருக்காது.

நான்காவது கோரிக்கை அரசுக்கு அல்ல, நமக்கு. தட்டுப்பாட்டில் வாடிக்கையான சில்லறைக் கடைக்காரருக்கு வழக்கமான அளவைக் குறைக்காமல் கொடுப்பது என்று மொத்த வியாபாரிகளாகிய நாம் நமக்குள் ஒரு தீர்மானம் போட்டுக்கொள்ள வேண்டும். அரசு வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும். 2015-ல் எங்கள் குடோனில் நின்ற அந்த 60 மூட்டையை நினைத்தே இதை எழுதுகிறோம்.

வருகிற மே 5 வணிகர் தினத்துக்கு முன்பாக நம் கிளைக் கூட்டத்தில் இதை விவாதித்துத் தீர்மானமாக அனுப்பினால் நன்றாக இருக்கும். உறுப்பினர்கள் தங்கள் கருத்தை, மாற்றுக் கருத்தானாலும், சங்கத்துக்கு எழுத வேண்டுகிறோம்.

அந்த உத்திரமேரூர்க் கடைக்காரர் அன்று ஆறு மூட்டை எடுத்துக்கொண்டு, பழைய பாக்கியில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார். மீதியை அடுத்த நடைக்குத் தருவதாகச் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டோம். தருவார்.